ஈரல் புற்றுநோயும் அணு மருத்துவ ஸ்கேனும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மார்த்தாண்டம், குழித்துறை, களியக்காவிளை, கொல்லங்கோடு வட்டாரத்திலிருந்து ஈரல் நோய்க்காகத் திருவனந்தபுரம் செல்பவர்கள் பலரும், மருத்துவர் எந்தச் சோதனை எழுதியிருக்கிறார் என்று பார்ப்பதற்கு முன்பே, ‘பெட் ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிடுங்கள்’ என்று யாரோ சொன்னதை மனத்தில் பதித்துக்கொண்டு வருகிறார்கள். அணு மருத்துவப் பிரிவில் தொழில்நுட்பராக வேலை செய்பவன் என்பதால், கல்யாண வீட்டிலும் பேருந்து நிறுத்தத்திலும் ஒரே ஐயங்களை வெவ்வேறு வாய்களில் கேட்டுவருகிறேன். அவற்றைக் கேட்டவர்களின் பேச்சிலேயே கீழே தொகுத்திருக்கிறேன். நோயாளியின் சிகிச்சையை முடிவு செய்ய வேண்டியவர் அவரை நேரில் பார்க்கும் மருத்துவர். இங்கே உள்ளவை அவர் சொல்வதைப் புரிந்துகொள்வதற்கான விளக்கங்கள் மட்டுமே.

“அண்ணா, பெட் ஸ்கேன் ஒன்று எடுத்துவிட்டால் ஈரலில் கேன்சர் இருக்கிறதா இல்லையா என்று முடிவாகத் தெரிந்துவிடும் அல்லவா?”

தெரியாது. கல்லீரலிலேயே தோன்றும் புற்றுநோய்களுள் மிகுதியாகக் காணப்படுவது ஹெபடோசெல்லுலார் கார்சினோமா, சுருக்கமாக எச்சிசி. இதைக் கண்டறிவதில் முதலிடம் பல கட்டங்களாக எடுக்கப்படும் கான்ட்ராஸ்ட் சிடிக்கும் எம்ஆர்ஐக்கும்தான். நலமான கல்லீரலுக்குப் போகும் இரத்தத்தில் முக்கால் பங்கு போர்ட்டல் சிரை வழியாக வருகிறது. எச்சிசி கட்டியோ பெரும்பாலும் தமனி இரத்தத்தைக் கொண்டே வளர்கிறது. ஆகவே கான்ட்ராஸ்ட் மருந்து தமனி வழியாக வரும் கட்டத்தில் கட்டி சுற்றுப்புறத்தைவிட வெளுத்தும், பிந்தைய கட்டங்களில் சுற்றுப்புறத்தைவிட மங்கியும் தெரியும். சிரோசிஸ் (ஈரல் தழும்பேறிச் சுருங்குவது) அல்லது நாள்பட்ட ஹெபடைடிஸ் பி உள்ளவரிடம் இந்த அடையாளம் தெளிவாக இருந்தால், ஊசியால் சதை எடுத்துப் பார்க்காமலேயே நோயை உறுதிசெய்ய முடிகிறது.

அணு மருத்துவம் வருவது வேறு கேள்விகளுக்கு. நோய் ஈரலைத் தாண்டிப் பரவியிருக்கிறதா, சிகிச்சைக்குப் பின் திரும்ப வந்திருக்கிறதா, ஐயத்துக்குரிய கட்டி வெறும் இரத்தக்குழாய்க் கட்டிதானா, வெட்டிய பிறகு மிஞ்சும் ஈரல் உடலைத் தாங்குமா என்பன போன்றவை அவை. எந்தக் கேள்விக்காக ஸ்கேன் எழுதப்பட்டிருக்கிறது என்பது தெரியாமல் அதன் விடையைப் படிப்பதில் பயனில்லை.

“அணு மருத்துவம் என்றால் கதிர் அடிப்பதா? முடி கொட்டுமா?”

முடி கொட்டாது. கதிர் அடிப்பது சிகிச்சை. இது படம் எடுப்பது. எக்ஸ்ரேயிலும் சிடியிலும் இயந்திரம் உடலுக்குள் கதிரைச் செலுத்துகிறது. அணு மருத்துவத்தில் மிகச் சிறிய அளவு கதிரியக்க மருந்து சிரையில் ஏற்றப்படுகிறது. அது உடலில் எங்கே போய்த் தங்குகிறதோ அங்கிருந்து வெளிவரும் கதிர்களை இயந்திரம் பெற்றுக்கொண்டு படமாக்குகிறது. ஆகவே சிடி உறுப்பின் வடிவத்தைக் காட்டுமானால், இது அந்த உறுப்பு என்ன வேலை செய்துகொண்டிருக்கிறது என்பதைக் காட்டும்.

இதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, 1950களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் ஹால் ஆங்கர் உருவாக்கிய காமா கேமராவின் வழிவந்தது. அதற்கு 6 மணி நேர அரை ஆயுட்காலம் (வீரியம் பாதியாகக் குறையும் நேரம்) கொண்ட டெக்னீசியம்-99எம் பயன்படுகிறது. மாலிப்டினம்-99 அடங்கிய ஜெனரேட்டரில் உப்புநீரைச் செலுத்தி, அன்றைக்கு வேண்டிய டெக்னீசியத்தைக் காலையில் ஆஸ்பத்திரியிலேயே வடித்தெடுத்துக்கொள்வோம். மற்றொன்று பெட். அதற்கான ஃபுளோரின்-18 சைக்ளோட்ரான் என்னும் துகள் முடுக்கியில் தயாராகி வருகிறது. அரை ஆயுட்காலம் 110 நிமிடம் மட்டுமே. எட்டரை மணிக்கு வரச் சொன்னவர் பத்தரைக்கு வந்தால், அவருக்கென்று அளந்து வைத்த மருந்தின் வீரியத்தில் பாதிக்கு மேல் போயிருக்கும். நேரத்துக்கு வரச் சொல்லி நாங்கள் கண்டிப்புக் காட்டுவது இதனால்தான்.

“அப்பாவுக்கு ஏற்கெனவே சர்க்கரை இருக்கிறது. அவருக்கு ஏன் மறுபடியும் சர்க்கரையை ஏற்றுகிறார்கள்?”

ஏற்றப்படுவது எஃப்டிஜி. குளுக்கோஸைப் போன்ற மூலக்கூறில் ஃபுளோரின்-18 இணைக்கப்பட்டது. அதன் எடை மிகமிகக் குறைவு என்பதால் இரத்தச் சர்க்கரையின் அளவு அதனால் கூடாது. புற்றணுக்கள் பலவும் குளுக்கோஸை ஆவலோடு உள்ளிழுப்பதால், எஃப்டிஜியும் அங்கே மிகுதியாகச் சேர்ந்து படத்தில் ஒளிர்கிறது.

சர்க்கரை நோயாளியிடம் சிக்கல் வேறு. இரத்தத்தில் ஏற்கெனவே குளுக்கோஸ் நிறைந்திருந்தால், அதோடு போட்டியிட்டு எஃப்டிஜி கட்டிக்குள் நுழைவது குறைந்துவிடும். பெரும்பாலான மையங்களில் சர்க்கரை 200 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் வேறொரு நாள் வரச் சொல்வார்கள். அவசரப்பட்டு இன்சுலின் போட்டுக் குறைத்துக்கொண்டு வருவதும் கூடாது. ஊசிக்குச் சற்று முன் போட்ட இன்சுலின் எஃப்டிஜியைத் தசைகளுக்குள் தள்ளிவிடும், படம் முழுதும் தசையே தெரியும். மாத்திரை, இன்சுலின் நேரங்களை முன்பதிவு செய்யும்போதே கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும்.

“அம்மாவின் பெட் ரிப்போர்ட்டில் ‘ஒளிர்வு இல்லை’ என்று வந்தது. டாக்டர் அப்போதும் கேன்சர்தான் என்கிறார். யாரை நம்புவது?”

மருத்துவரை நம்புங்கள். எங்களிடம் வரும் கேள்விகளில் அதிகக் கண்ணீரோடும், சில வேளை அதிகக் கோபத்தோடும் வருவது இதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

எஃப்டிஜி உயிரணுவுக்குள் நுழைந்ததும் ஹெக்சோகைனேஸ் என்னும் நொதி அதனோடு ஒரு பாஸ்பேட்டைச் சேர்க்கிறது. அப்படி மாறிய பொருள் அணுவின் சவ்வைத் தாண்டி வெளியேற முடியாது. குளச்சல் பக்கம் சிங்கி இறால் பிடிக்கக் கடலில் இறக்கும் கூட்டில், உள்ளே போகும் இறாலுக்குத் திரும்பும் வழி இல்லாததைப் போன்றது இது. ஆனால் கல்லீரல் அணுவுக்கு ஒரு தனிப்பண்பு உண்டு. சேமித்து வைத்த குளுக்கோஸை உடலுக்கு வேண்டும்போது இரத்தத்தில் விட வேண்டிய உறுப்பு அது என்பதால், ஒட்டிய பாஸ்பேட்டைக் கழற்றிவிடும் குளுக்கோஸ்-6-பாஸ்படேஸ் என்ற நொதி அதில் நிறைய இருக்கிறது. அதாவது அந்தக் கூட்டுக்குப் பின்வாசலும் உண்டு. தன் மூலமான கல்லீரல் அணுவின் சாயலை அதிகம் இழக்காத எச்சிசி கட்டி இந்த நொதியையும் வைத்துக்கொண்டிருக்கிறது. ஆகவே உள்ளே போன எஃப்டிஜி மெல்ல மெல்ல வெளியேறிவிடுகிறது. போதாக்குறைக்கு, நலமான ஈரலே ஓரளவு ஒளிரும் உறுப்பு. அந்தப் பின்னணியில் கட்டி கரைந்துபோகிறது. எச்சிசியைக் கண்டுபிடிப்பதில் எஃப்டிஜி பெட் பாதி முதல் மூன்றில் இரண்டு பங்கு வரைதான் வெற்றி பெறுகிறது என்று ஆய்வுகள் பலவும் காட்டுவதற்கு இதுவே காரணம்.

சாயலை இழந்து தாறுமாறாக வளரும் கட்டியில் அந்த நொதி குறைந்துவிடுகிறது. அது பளிச்சென்று ஒளிர்கிறது. எனவே ஒளிராத கட்டி ஒப்பளவில் மெதுவாக வளரும் கட்டியாக இருக்க வாய்ப்பு அதிகம் என்று ஓர் ஆறுதல் சொல்லலாம். ‘பெட்டில் ஒன்றுமில்லை’ என்ற வரியைப் பிடித்துக்கொண்டு சிகிச்சையைத் தள்ளிப்போட மட்டும் அந்த ஆறுதல் இடம் தராது. சில மையங்களில் கார்பன்-11 அசிட்டேட், கோலின் போன்ற வேறு மருந்துகள் இத்தகைய கட்டிகளைக் காட்டப் பயன்படுகின்றன. ஆனால் கார்பன்-11-இன் அரை ஆயுட்காலம் 20 நிமிடம்தான்; சைக்ளோட்ரான் அதே வளாகத்தில் இருந்தால் ஒழிய அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது.

“அப்படியென்றால் பளிச்சென்று ஒளிர்ந்தால் கேன்சர் நிச்சயம்தானே?”

அதுவும் இல்லை. கிருமியோடு போராடும் வெள்ளையணுக்களும் குளுக்கோஸைத் தின்கின்றன. ஈரலில் சீழ்க்கட்டி, காசநோய், பித்தக்குழாய் அழற்சி, அண்மையில் ஸ்டென்ட் வைத்த இடம் ஆகிய எல்லாமே ஒளிரக்கூடும். சீழ்க்கட்டியில் ஓரம் ஒளிர்ந்து நடுப்பகுதி இருண்டிருப்பது வழக்கம். நடுவே அழுகிப்போன புற்றுக்கட்டியும் அதே தோற்றத்தைக் காட்டும். காய்ச்சல், குளிர் நடுக்கம், பித்தக்குழாயில் ஏதேனும் செய்த நாள் ஆகியவற்றை ஊசி போடுவதற்கு முன் சொல்லிவிட்டால், படத்தைப் படிக்கும் மருத்துவருக்குப் பாதி வேலை முடிந்தது.

“ஸ்கேனில் ஹெமாஞ்சியோமா என்று எழுதி, சந்தேகம் இருந்தால் ஆர்பிசி ஸ்கேன் என்று போட்டிருக்கிறார்கள். அது என்ன?”

ஹெமாஞ்சியோமா ஈரலில் உண்டாகும் இரத்தக்குழாய்க் கட்டி. புற்றுநோய் அன்று, பெரும்பாலும் சிகிச்சையும் வேண்டியதில்லை. ஐயம் தீராதபோது நோயாளியின் சொந்தச் சிவப்பணுக்களிலேயே டெக்னீசியத்தை ஒட்டவைத்துப் படம் எடுக்கிறோம். இந்தக் கட்டிக்குள் இரத்தம் மெதுவாகப் புகுந்து வெகுநேரம் தேங்குவதால், தொடக்கப் படத்தில் ஒன்றும் தெரியாமல், ஒரு மணி, இரண்டு மணி நேரம் கழித்து எடுக்கும் படத்தில் அந்த இடம் நிறைந்து ஒளிரும். இந்த முரண் தெளிவாக இருந்தால் ஹெமாஞ்சியோமா என்று ஏறக்குறைய உறுதியாகவே சொல்லலாம். ஒன்றரை சென்டிமீட்டருக்குக் குறைந்த கட்டியில் இந்தச் சோதனை அவ்வளவு கைகொடுக்காது. இப்போது நல்ல எம்ஆர்ஐ கிடைக்கும் இடங்களில் இதன் தேவையும் குறைந்துவிட்டது.

இதே குடும்பத்தில் பழைய சோதனை ஒன்று உண்டு. டெக்னீசியம் சல்ஃபர் கொலாய்டு என்னும் நுண்துகள்களை ஈரலில் உள்ள குஃப்பர் அணுக்கள் விழுங்கிக்கொள்ளும். அவ்வணுக்கள் இல்லாத இடம் படத்தில் ஓட்டையாகத் தெரியும். சிடி வருவதற்கு முன் ஈரல் ஸ்கேன் என்றால் இதுதான். ஆனால் நீர்க்கட்டியும் ஓட்டை, சீழ்க்கட்டியும் ஓட்டை, புற்றும் ஓட்டை. இன்று இதன் பயன் பெரும்பாலும் ஃபோகல் நோடுலார் ஹைப்பர்பிளாசியா என்னும் தீங்கற்ற கட்டியைப் பிரித்தறிவதில்தான் இருக்கிறது. அக்கட்டியில் குஃப்பர் அணுக்கள் இருப்பதால் பல வேளைகளில் துகள்கள் அங்கேயும் சேர்கின்றன.

“மாமாவுக்குக் குடலில் கேன்சர். ஈரலுக்குப் பரவியிருக்கிறதா என்று பார்க்கவும் பெட் ஏமாற்றுமா?”

இங்கே பெட் நம்பகமான துணை. குடல், மார்பகம், நுரையீரல் போன்ற இடங்களிலிருந்து ஈரலுக்கு வந்து குடியேறிய அணுக்களில், மேலே சொன்ன அந்தப் பின்வாசல் பெரும்பாலும் இல்லை. ஆகவே அவை நன்றாக ஒளிர்கின்றன. ஒரே படத்தில் தலை முதல் தொடை வரை பார்த்துவிடலாம் என்பது இன்னொரு வசதி. விலக்குகளும் உண்டு. ஒரு சென்டிமீட்டருக்குக் குறைந்த கட்டி தவறக்கூடும். சளி போன்ற பொருள் நிறைந்த குடல் புற்றுநோய் வகை மங்கலாகவே தெரியும். கீமோதெரபி முடிந்த உடனே எடுத்தால் உயிரோடிருக்கும் கட்டியும் அடங்கியதுபோல் தோன்றும். ஈரலை வெட்டி எடுக்கத் திட்டமிடும்போது சிறு கட்டிகளை எண்ணுவதற்கு எம்ஆர்ஐதான் மேல்.

பரவியது நியூரோஎண்டோகிரைன் வகை (ஹார்மோன் சுரக்கும் அணுக்களில் தோன்றும் புற்று) என்றால் எஃப்டிஜியைவிட காலியம்-68 டோட்டாடேட் பொருத்தமானது. அவ்வணுக்களின் மேல் உள்ள சொமாட்டோஸ்டாட்டின் ஏற்பிகளைத் தேடிப்போய் அது ஒட்டிக்கொள்கிறது.

“அக்காவுக்கு ஈரல் கட்டி. பிஎஸ்எம்ஏ ஸ்கேன் எழுதியிருக்கிறார்கள். அது ஆண்களின் புராஸ்டேட் சோதனை அல்லவா? சீட்டு மாறிவிட்டதா?”

மாறவில்லை. பிஎஸ்எம்ஏ என்ற புரதம் முதலில் புராஸ்டேட் அணுக்களில் கண்டறியப்பட்டதால் அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. பல புற்றுக்கட்டிகள் தமக்கென்று புதிதாக உண்டாக்கிக்கொள்ளும் இரத்தக்குழாய்களின் உட்சுவரிலும் அதே புரதம் காணப்படுகிறது. எச்சிசி அப்படிப்பட்ட குழாய்கள் மிகுந்த கட்டி. எனவே எஃப்டிஜியில் ஒளிராத சில எச்சிசி கட்டிகள் இதில் ஒளிர்கின்றன. ஆணா பெண்ணா என்பது இதில் பொருட்டன்று. எல்லோருக்கும் வழக்கமாக எழுதப்படும் சோதனையாக இது இன்னும் ஆகிவிடவில்லை என்பதால், எதைத் தெரிந்துகொள்ள எழுதியிருக்கிறார்கள் என்று மருத்துவரிடம் கேட்பது நல்லது.

“மக்களே, காலையில் ஒரு கட்டன் சாயா குடித்துவிட்டு வரலாமா?”

சர்க்கரை போட்டதென்றால் கூடாது, பாட்டி. எஃப்டிஜி ஊசிக்கு முன் குறைந்தது 4 முதல் 6 மணி நேரம் வெறும் வயிறாக இருக்க வேண்டும். வெறும் தண்ணீர் தாராளமாகக் குடிக்கலாம், குடிக்கவும் வேண்டும். ‘கஞ்சித்தண்ணி மட்டும்தான் குடித்தேன்’ என்பவர்களும், பேருந்தில் ஏறியபின் வாய் கசக்கிறதென்று மிட்டாய் போட்டுக்கொண்டவர்களும் திரும்பிப் போக நேர்ந்திருக்கிறது. முந்தின நாள் கடும் உழைப்பு வேண்டாம். ரப்பர் வெட்டப் போகிறவர் அன்று ஓய்வெடுக்க வேண்டும். உழைத்த தசைகள் எஃப்டிஜியை இழுத்துக்கொள்ளும்.

ஊசி போட்டபின் ஏறக்குறைய ஒரு மணி நேரம், விளக்கு தணிந்த அறையில் சாய்ந்து கிடக்க வேண்டும். கைப்பேசியில் பேசினால் தொண்டைத் தசைகள்கூடப் படத்தில் ஒளிரும். பிறகு சிறுநீர் கழித்துவிட்டு மேசையில் படுத்தால், படம் எடுக்க அரை மணி நேரத்துக்குள்தான் ஆகும். டெக்னீசியம் சோதனைகளுக்கும் டோட்டாடேட், பிஎஸ்எம்ஏ சோதனைகளுக்கும் முறை வேறு. சீட்டில் எழுதியிருப்பதைப் பின்பற்றுங்கள்.

“ஊசி போட்டபின் பஸ்ஸில் ஊருக்கு வரலாமா? வீட்டில் பேரக்குழந்தை இருக்கிறதே.”

வரலாம். ஃபுளோரின்-18 ஏழரை மணி நேரத்துக்குள் பதினாறில் ஒரு பங்காகக் குறைகிறது. சிறுநீரோடு வெளியேறுவது தனி. அன்று மாலை வரை கைக்குழந்தையை மடியில் வைத்துக்கொள்ளாமலும், கர்ப்பிணிகளை நெருங்கி உட்காராமலும் இருந்தால் போதும். தண்ணீர் நிறையக் குடித்துச் சிறுநீரை அடக்காமல் கழிக்க வேண்டும். தாய்ப்பால் கொடுப்பவரும், கர்ப்பமாக இருக்கலாம் என்ற ஐயம் சிறிதளவேனும் உள்ளவரும் ஊசிக்கு முன்னரே சொல்லிவிட வேண்டும்.

“மணவாளக்குறிச்சி மணலிலேயே கதிர்வீச்சு இருக்கிறது. அதோடு இதையும் ஏற்றினால் தாங்குமா? ஈரல் கேன்சர் வந்ததே அந்த மணலால்தான் என்கிறார்களே?”

மணவாளக்குறிச்சிக் கடற்கரையிலும், வடக்கே கொல்லம் மாவட்டத்துச் சவறை, கருநாகப்பள்ளிக் கரையிலும் மோனசைட் மணலில் தோரியம் இருப்பதால் இயற்கைக் கதிர்வீச்சு மற்ற இடங்களைவிட அதிகம் என்பது உண்மை. கருநாகப்பள்ளியில் திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்தார் ஏறத்தாழ 70,000 பேரைச் சராசரியாகப் பத்து ஆண்டுகளுக்கு மேல் தொடர்ந்து கவனித்து 2009-இல் வெளியிட்ட ஆய்வில், அந்தக் கதிர்வீச்சால் புற்றுநோய் கூடியதாகத் தென்படவில்லை. ஈரல் புற்றுநோய்க்குத் தெளிவாக அறியப்பட்ட காரணங்கள் ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி, மது, சர்க்கரை நோயோடும் உடற்பருமனோடும் சேர்ந்துவரும் கொழுப்பு ஈரல், பூஞ்சணம் பிடித்த தானியத்திலும் கடலையிலும் உண்டாகும் அஃப்லாடாக்சின் ஆகியவை. மணலைக் குற்றம் சொல்வது சுலபமாக இருப்பதால், சாராயத்தையும் பரிசோதிக்காத ஹெபடைடிஸ் பி-யையும் மறந்துவிடுகிறோம்.

உலகச் சராசரியாக ஒருவர் இயற்கையிலிருந்து ஆண்டுக்குப் பெறுவது 2.4 மில்லிசீவர்ட் (உடல் பெறும் கதிரின் அலகு). வழக்கமான எஃப்டிஜி ஊசியால் கிடைப்பது ஏறத்தாழ 7. கூட எடுக்கும் சிடியைப் பொறுத்து மொத்தம் 10-க்கும் 25-க்கும் இடையே வரலாம். தேவையோடு எடுப்பவருக்கு இது ஏற்கத்தக்க அளவே. தேவையின்றி எடுப்பவருக்கு எந்த அளவும் அதிகம்தான்.

“போன தடவை எஸ்யூவி 4, இந்தத் தடவை 6. நோய் ஒன்றரை மடங்கு ஆகிவிட்டதா?”

எஸ்யூவி என்பது ஓரிடத்தில் எஃப்டிஜி எவ்வளவு செறிந்திருக்கிறது என்பதை, போட்ட மருந்தின் அளவையும் உடல் எடையையும் கொண்டு கணக்கிட்ட எண். அது கட்டியின் அளவும் அன்று, நோயின் கட்டமும் அன்று. அன்றைய சர்க்கரை அளவு, ஊசிக்கும் படத்துக்கும் இடைப்பட்ட நேரம், இயந்திரத்தின் வகை என்று பலவும் அதை மாற்றும். ஒரு தடவை நாகர்கோவிலிலும் மறு தடவை திருவனந்தபுரத்திலும் எடுத்த எண்களை அப்படியே ஒப்பிடுவது சரியன்று. நலமான ஈரலின் எஸ்யூவி பொதுவாக 2-ஐ ஒட்டி இருக்கும். இரு படங்களிலும் கட்டி அந்த நலமான ஈரலைவிட எவ்வளவு மிகுந்து ஒளிர்கிறது என்பதையும் சேர்த்துத்தான் மருத்துவர் பார்ப்பார். அறிக்கைத்தாளோடு பழைய படங்கள் பதிந்த குறுந்தட்டையும் எடுத்துவரச் சொல்வது இந்த ஒப்பீட்டுக்காகத்தான்.

“கட்டியை வெட்டி எடுத்தாயிற்று. ஆனால் ஏஎஃப்பி ஏறிக்கொண்டே போகிறது. சிடியில் ஒன்றும் தெரியவில்லை. இப்போதாவது பெட் உதவுமா?”

இந்த நிலைமையில் உதவ நல்ல வாய்ப்பு உண்டு. ஏஎஃப்பி, அதாவது இரத்தத்தில் அளக்கும் ஆல்ஃபா ஃபீட்டோபுரோட்டீன் என்னும் புரதம், ஏறுவது ஏதோ ஓரிடத்தில் நோய் மறுபடி முளைத்திருப்பதைக் குறிக்கலாம். அது ஈரலில்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. எலும்பு, நிணநீர்க் கணு, அட்ரீனல் சுரப்பி, நுரையீரல் ஆகிய இடங்களில் பெட் அதைக் காட்டிக்கொடுத்த நோயாளிகள் பலர். அப்படி வெளியே பரவும் எச்சிசி பெரும்பாலும் சாயலை இழந்த வகையாக இருப்பதால் எஃப்டிஜியிலேயே ஒளிர்கிறது. நுரையீரலில் உள்ள மிகச் சிறு முடிச்சுகள் மட்டும் பெட்டில் தெரியாமல் போகலாம். அவற்றுக்கு மூச்சடக்கி எடுக்கும் மார்புச் சிடிதான்.

“டேஸ் சிகிச்சை முடிந்து பெட் எடுத்தோம். கட்டி முன்னைவிட ஒளிர்கிறது என்கிறார்கள்.”

தமனி வழியாகக் கீமோ மருந்தைச் செலுத்தும் இந்தச் சிகிச்சையில் லிப்பியோடால் என்ற எண்ணெய் கலக்கப்பட்டிருந்தால், அது சிடியில் மிக அடர்த்தியாகத் தெரியும். பெட் படத்தைச் சிடியைக் கொண்டே திருத்துவதால், அந்த அடர்த்தி பொய்யான ஒளிர்வை உண்டாக்கக்கூடும். திருத்தாத படத்தையும் பார்த்து மருத்துவர் இதைப் பிரித்தறிவார். சிகிச்சை நடந்த நாளையும் அதன் பெயரையும் எங்களிடம் சொல்லத் தவறாதீர்கள்.

“ஈரலுக்கு ஒய்-90 சிகிச்சை என்றார்கள். அதற்கு முன் நுரையீரலை ஏன் ஸ்கேன் எடுக்கிறார்கள்?”

இட்ரியம்-90 ஏற்றிய நுண்மணிகளைக் கல்லீரல் தமனி வழியாகக் கட்டிக்குள் செலுத்துவது அந்தச் சிகிச்சை. அதன் பீட்டா கதிர்கள் சதைக்குள் சராசரியாக இரண்டரை மில்லிமீட்டர்தான் செல்லும் என்பதால், மணி போய்த் தங்கும் இடமே எரிக்கப்படும். ஆனால் கட்டிக்குள் தமனிக்கும் சிரைக்கும் இடையே குறுக்குவழிகள் இருந்தால், மணிகள் ஈரலைக் கடந்து நுரையீரலில் போய்ச் சிக்கும். அதனால் முதலில், ஏறக்குறைய அதே பருமன் கொண்ட அல்புமின் துகள்களில் டெக்னீசியத்தைச் சேர்த்து, அதே தமனியில் செலுத்தி ஒத்திகை பார்க்கிறோம். எத்தனை சதவீதம் நுரையீரலுக்குத் தப்பிப் போகிறது என்று கணக்கிட்டு, நுரையீரலுக்கு ஒரு தடவையில் 30 கிரே (கதிர் அளவின் அலகு) அளவுக்கு மேல் போகாதபடி அளவைத் தீர்மானிக்கிறார்கள். வயிற்றுக்கோ குடலுக்கோ கசிவு இருக்கிறதா என்பதும் இதே படத்தில் தெரியும். ஒத்திகையில் கசிவு மிகுதி என்றால் சிகிச்சையை மாற்றுவார்கள். அதை நோயாளியின் துரதிருஷ்டம் என்று நினைக்க வேண்டாம், பெரிய கேடு ஒன்று தவிர்க்கப்பட்டிருக்கிறது.

“ஈரலில் பாதியை வெட்ட வேண்டும் என்கிறார்கள். மீதி வேலை செய்யுமா என்று முன்கூட்டியே தெரியுமா?”

ஓரளவு தெரியும். டெக்னீசியம் மெப்ரோஃபெனின் என்ற மருந்தைக் கல்லீரல் அணுக்கள் இரத்தத்திலிருந்து உறிஞ்சிப் பித்தத்தில் விடுகின்றன. எவ்வளவு விரைவாக உறிஞ்சுகின்றன என்பதை அளந்தால், மிஞ்சப்போகும் பகுதியின் வேலைத்திறனைத் தனியாகக் கணக்கிடலாம். சிடி சொல்வது பருமனை மட்டும்; சிரோசிஸ் பிடித்த ஈரலில் பருமன் போதுமானதாக இருந்தும் வேலைத்திறன் போதாமல் இருக்கலாம். மஞ்சள் காமாலை அதிகமாக இருக்கும்போது இந்தச் சோதனையின் கணக்கு பிசகும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

“எங்கள் வீட்டில் மூன்று பேருக்கு ஹெபடைடிஸ் பி. வருடத்துக்கு ஒரு பெட் எடுத்துக்கொண்டால் நிம்மதிதானே?”

பணமும் கதிரும் செலவாகும். தொடக்கநிலைக் கட்டி தப்பிவிடவும் கூடும். காரணம் நான்காம் கேள்விக்கான விடையில் இருக்கிறது: தொடக்கநிலை எச்சிசி பெரும்பாலும் ஒளிராத வகை. சிரோசிஸ் உள்ளவர்களும், ஆபத்து மிகுந்த ஹெபடைடிஸ் பி நோயாளிகளும் ஆறு மாதத்துக்கு ஒரு முறை அல்ட்ராசவுண்டும் ஏஎஃப்பி இரத்தச் சோதனையும் செய்துகொள்வதே நடைமுறை. இரண்டும் மார்த்தாண்டத்திலேயே கிடைக்கின்றன. தொற்று இல்லாத மற்றவர்களுக்குத் தடுப்பூசி போட்டுவிடுங்கள்.

“தமிழ்நாட்டுக் காப்பீட்டு அட்டை எல்லைக்கு அந்தப் பக்கம் செல்லுமா?”

அட்டையின் வகையையும் ஆஸ்பத்திரியையும் பொறுத்தது. ஸ்கேன் நாள் குறிக்கும் முன்பே அந்த ஆஸ்பத்திரியின் காப்பீட்டுப் பிரிவில் அட்டையைக் காட்டிக் கேளுங்கள். ஸ்கேன் எடுத்தபின் கேட்டால் பெரும்பாலும் பயன் இருக்காது.

“மாற்று ஈரலுக்குப் பதிவு செய்திருக்கிறோம். கட்டி சிறியதுதான், பரவவும் இல்லை. பிறகும் பெட் கேட்கிறார்களே?”

மாற்று ஈரல் யாருக்குப் பலன் தரும் என்பதற்கு 1996-இல் வகுக்கப்பட்ட மிலான் வரையறை இன்றும் அடிப்படையாக இருக்கிறது: ஒரே கட்டி என்றால் 5 சென்டிமீட்டருக்குள், மூன்று வரை என்றால் ஒவ்வொன்றும் 3 சென்டிமீட்டருக்குள், பெரிய இரத்தக்குழாய்களுக்குள்ளோ ஈரலுக்கு வெளியேயோ பரவாமல் இருக்க வேண்டும். இந்த வரையறை எண்ணிக்கையையும் அளவையும் பார்க்கிறதே தவிர, கட்டியின் குணத்தைப் பார்ப்பதில்லை. எஃப்டிஜியில் பளிச்சென்று ஒளிரும் எச்சிசி, நுண்ணிய இரத்தக்குழாய்களுக்குள் புகுந்திருக்கவும், மாற்று ஈரல் வைத்தபின் திரும்ப வரவும் வாய்ப்பு அதிகம் என்று பல மையங்களின் அனுபவம் காட்டியிருக்கிறது. இவர்கள் பெட் கேட்பது புற்றுநோயைக் கண்டுபிடிக்க அன்று. ஏற்கெனவே கண்டுபிடித்த கட்டியின் குணத்தை அறியத்தான்.

ஒளிர்ந்தால் பெயரை நீக்கிவிடுவார்கள் என்று அஞ்ச வேண்டியதில்லை. முதலில் டேஸ் போன்ற சிகிச்சையால் கட்டியை அடக்கி, சில மாதம் கவனித்து, மறுபடி படம் எடுத்து முடிவு செய்யும் வழக்கம் உண்டு. அந்த இரண்டாம் படத்தை முதல் படம் எடுத்த மையத்திலேயே எடுங்கள். எஸ்யூவி பற்றிய விடையில் சொன்ன காரணத்தால், இயந்திரம் மாறினால் ஒப்பீடு நம்பகமாக இராது.